காத்திருப்பவர் காது

ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் பொழுது சாயும் நேரத்தில் பல வீடுகளில் ஒரே கேள்விதான் கேட்கும்: "எங்க இருக்கீங்க?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாலத்துல." சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவரிடம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுப் பயனில்லை. 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பது அதன்மேல் நிற்பவருக்கே தெரியாது. அதனால் வீட்டிலிருப்பவர்கள் நேரத்தை விட்டுவிட்டு இடத்தை விசாரிக்கப் பழகிவிட்டார்கள்.

இதைக் கவனித்த பிறகு, எழுத்தாளர்கள் காத்திருப்பதை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. ஜேன் ஆஸ்டின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் ஆண்டுகளைக் கொண்டு அளக்கிறார். காதலனைப் பிரிந்த ஆன் எலியட், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவனை மீண்டும் சந்திக்கிறாள். டிக்கன்ஸின் மிஸ் ஹாவிஷாம், மாப்பிள்ளை வரமாட்டான் என்று தெரிந்த அந்த எட்டு நாற்பதிலேயே வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிடுகிறாள். ஓடினாலும் நின்றாலும் அங்கே அளவுகோல் காலம்தான்.

நம் முல்லைப்பாட்டில் வேறு கதை. பத்துப்பாட்டிலேயே சிறியது அது; நப்பூதனார் பாடிய 103 அடிகள். போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி, ஊருக்கு வெளியே விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்க நிற்கிறார்கள். அப்போது ஓர் ஆயர் பெண்ணின் குரல் கேட்கிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவள், சிறு கயிற்றில் கட்டப்பட்டுத் தாயைத் தேடித் தவிக்கும் கன்றுக்கு, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். கன்றுக்குச் சொன்ன அந்தச் சொல்லையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு முதியவர்கள் ஓடிவந்து தலைவியைத் தேற்றுகிறார்கள்.

அவள் தேறவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லியும் கண்ணீர் நிற்கவில்லை. இந்த இடத்தில் நப்பூதனாரின் நேர்மை என்னை அசைத்துவிடுகிறது. நல்ல சகுனம் கிடைத்ததும் அழுகை நின்றது என்று பாடுவது எளிது. அவர் அப்படிப் பாடவில்லை. அந்தச் சொல் கன்றுக்கு உரியது. அதன் தாய் மேய்ச்சலிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. தலைவிக்கு அது இரவல் ஆறுதல்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டில் நேரத்தைக் கணக்கிடுபவர்கள் பாசறையில் இருக்கிறார்கள். நீர் சொட்டும் நாழிகை வட்டிலைப் பார்த்து, தலைவனான அரசனுக்குப் பொழுது சொல்வது அவர்கள் வேலை. தலைவியின் ஏழடுக்கு மாடத்தில் அப்படி யாரும் இல்லை. கழலும் வளையைத் திருத்திக்கொண்டு, கூரையிலிருந்து மழைநீர் விழும் ஓசையைக் கேட்டபடி அவள் கிடக்கிறாள். போனவனுக்குக் கடிகாரம், இருப்பவளுக்குக் காது. அந்தக் காதில்தான் கடைசியில் படை திரும்பும் கொம்பும் சங்கும் விழுகின்றன. இருவரும் சந்திப்பதைப் பாடாமலே புலவர் பாட்டை முடித்துவிடுகிறார்.

ஸ்கூடாயிலும் இதே பங்கீடுதான். பாலத்தில் நிற்பவர் மணியைப் பார்க்கிறார். வீட்டிலிருக்கும் பிள்ளை, லோரோங்கில் நுழையும் பத்து மோட்டார் சைக்கிளில் அப்பாவின் வண்டி எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறது. ‘வந்துடுவாரு’ என்று பாட்டி எத்தனை முறை சொன்னாலும் அடங்காத பிள்ளை அது.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். பயணம் ஐந்து நிமிடம்தானாம். நல்லதே நடக்கட்டும். ஆனால் காத்திருப்பதை எழுத வருகிறவர்கள் நிமிடக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. வீட்டிலிருப்பவருக்கு அந்த நேரத்தில் என்னென்ன கேட்டது என்று விசாரித்து எழுத வேண்டும்.