மோட்டாருக்கு ஒரு ஜாகா

விடியற்காலை 5 மணிக்கு நம் வீட்டு வாசலில் முதலில் கேட்பது எது? ஒரு காலத்தில் சேவல் கூவும் சத்தம். இன்றைக்கு மோட்டார் கிளம்பும் சத்தம். அப்பா பிரட்டுக்குப் போவது அதில்தான். மகன் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போவதும், சின்னவள் பள்ளிக்கூடம் போவதும், பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் அதே மோட்டாரில்தான். வசதி உள்ளவருக்குக் கார் காணாமற்போனால் சங்கடம். நமக்கு மோட்டார் போனால் மறுநாள் வேலை போயிற்று, சம்பளமும் போயிற்று. இதை உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்தடிக்குப் படியோரம், சாவிகூட எடுக்காமல், கப்சாய் மோட்டார் இரவெல்லாம் நிற்கும். யாரும் தொட மாட்டார்கள். அந்தக் காலத்து மனிதரெல்லாம் உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. லயத்திலும் கோழி களவு போனதுண்டு! ஆனால் தோட்டத்து வாயிலில் ஜாகா இருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரியும். அவரைத் தாண்டினால் நாய்கள். நாயையும் தாண்டினால், வெற்றிலை இடித்துக்கொண்டு தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு கிழவி, “யாருப்பா அது, யாரு வீட்டுக்கு?” என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் திருடன் ஏது?

பிறகு தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நாமும் தாமான்களுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே இரும்புக் கேட்டு உண்டு, கம்பிக் கதவு உண்டு. ஆனால் நான்காவது வீட்டுக்காரர் பெயர் தெரியாது. இரவில் யாராவது ஒரு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனால், எண்ணெய் தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில்தான் கம்பியில்லாக் காமிரா நம் வாசலுக்கு வந்திருக்கிறது. நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குக் கடையிலும் கைப்பேசி வழியாகவும் கிடைக்கிறது. வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் ஜாகா வந்துவிட்டார் என்று பலர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

நான் இருப்பது சுங்கை பட்டாணிப் பக்கத்தில் ஒரு மலிவு விலை வீட்டு வரிசை. 2024 தீபாவளிக்கு முந்திய வாரம், எதிர்வீட்டுப் பையனின் மோட்டார் களவு போனது. அவர்கள் வீட்டில் காமிரா இருந்தது. காலையில் நாங்கள் எல்லாரும் கூடி நின்று அந்தப் படத்தைப் பார்த்தோம். ஒரே மோட்டாரில் இருவர் வருகிறார்கள். ஒருவன் இறங்கி, தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்த கேட்டைத் திறந்து, பையனின் மோட்டாரில் ஏறி உட்கார்ந்து, ஹாண்டிலை ஓங்கி ஓர் உதை உதைக்கிறான், பூட்டு விட்டுவிடுகிறது. எஞ்சினைக் கிளப்பவே இல்லை. மற்றவன் தன் மோட்டாரில் இருந்தபடியே ஒரு காலை நீட்டி இந்த மோட்டாரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறான். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். காமிராவைக் கூரையோரம் உச்சியில் மாட்டியிருந்ததால் எங்களுக்குத் தெரிந்தவை இரண்டு தலைக்கவசங்கள். அவர்கள் வந்த மோட்டாரின் நம்பர் பலகையோ இருட்டில் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. மோட்டாரு எங்கண்ணே?”

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. காமிராவுக்குக் கண் உண்டு, கை இல்லை. அது திருடனைப் பிடிக்காது. வருமுன்னே அவனைத் தயங்க வைக்கலாம். வந்தபின் நம்மை எழுப்பிவிடலாம். இந்த இரண்டையும் செய்யும்படி நாம் அதை வைக்க வேண்டும்.

முதலில் இடம். காமிராவை ஒளித்து வைக்காதீர்கள். கேட்டுக்கு வெளியே நிற்பவன் கண்ணில் அது பட வேண்டும். கைக்கு எட்டாமல் சுமார் 8 அடி உயரத்தில், நேரே கீழே பாராமல், கேட்டை நோக்கிச் சாய்வாக இருந்தால் முகம் விழ வாய்ப்புண்டு. காமிராவின் இரவுப் பார்வை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைத் தானே வீசிப் பார்ப்பது. அந்த வெளிச்சம் பட்டால் நம்பர் பலகை கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கலாம். சட்டை நிறமும் தெரியாது, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். ஆகவே வாசலில் ஒரு விளக்கு எரியட்டும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். காமிரா வாங்கப் பணம் இல்லாதவர்கள் இந்த விளக்கையாவது இன்றைக்கே போடுங்கள்.

கம்பியில்லாக் காமிரா என்ற பெயரைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம். படம்தான் கம்பியில்லாமல் போகிறது. மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். மின்சாரம் நின்றால் வைஃபைப் பெட்டியும் சேர்ந்து உறங்கிவிடும், கைப்பேசிக்குச் செய்தி வராது. பேட்டரியில் ஓடும் வகையும் உண்டு. அது பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருந்து, ஆள் வந்தபின் விழித்துக்கொள்ளும். முதல் ஓரிரு விநாடி விட்டுப்போகலாம். வைஃபைப் பெட்டி பின்கட்டில் இருந்து நடுவில் இரண்டு செங்கல் சுவர் இருந்தால் முன்வாசலுக்கு அலை சரியாக எட்டாமல் போகலாம். மாட்டுவதற்கு முன்பு கைப்பேசியை அதே இடத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானது எச்சரிக்கை மணி. பூனை போனாலும், பூச்சி பறந்தாலும், லோரி போனாலும் கைப்பேசி அலறினால் மூன்றாம் நாள் நீங்களே அதை அடைத்துவிடுவீர்கள். எதிர்வீட்டுக்காரர்களும் அப்படித்தான் அடைத்து வைத்திருந்தார்கள். பால் வெட்டுக்கு நாலு மணிக்கு எழ வேண்டியவர் நடு இரவில் பூனைக்காக எத்தனை முறை எழுவார்? பல காமிராக்களில், எந்தப் பகுதியில் அசைவு தெரிந்தால் மணி அடிக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுக்கலாம். சாலையை விட்டுவிட்டு, கேட்டையும் மோட்டார் நிற்கும் இடத்தையும் மட்டும் குறியுங்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் நம் வாசலை ஊரார் பார்க்க நாமே கதவு திறந்துவிட்டதாகும். பக்கத்து வீட்டுக் கதவும் துணி காயும் கொடியும் படத்தில் விழாமல் திருப்பி வைப்பதும் நம் பொறுப்பு. அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தால் பத்துக் காமிரா இருந்தும் பயனில்லை.

சங்கிலியை மறந்துவிடாதீர்கள். எஞ்சின் கிளம்பாமலே மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போக முடியும் என்றால், சக்கரம் உருளாமல் செய்வதுதான் வழி. சக்கரத்தைத் தூணோடு சேர்த்துப் பிணைத்த தடித்த சங்கிலியை உடைக்க நேரம் பிடிக்கும், சத்தமும் எழும். காமிரா நம்மை எழுப்புவதற்கு அந்த நேரம் வேண்டும்! இன்னும் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சிம் கார்டு போட்ட காமிராவும் கிடைக்கிறது. ஆனால் செம்பனைக்கு நடுவே அலை கிடைக்காத இடத்தில் அது வெறும் பொம்மை. அங்கே சங்கிலியும் நாயும்தான் துணை.

களவு போய்விட்டால் முதல் வேலையாகப் படத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள். மெமரி கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டே புதியதைப் பதியும். அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். நம் நாட்டில் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 379ஏ பிரிவின்படி, வாகனத் திருட்டுக்குக் குறைந்தது 1 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை, அபராதமும் விதிக்கலாம். காப்புறுதித் தாளையும் இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றிருந்தால் திருட்டுக்கு ஒரு காசும் வராது.

எங்கள் வரிசையில் இப்போது ஆறு வீடுகள் ஒன்று சேர்ந்திருக்கிறோம். காமிரா மூன்றுதான். மணி அடித்தால் யார் கைப்பேசியில் அடித்தாலும் ஆறு வீட்டு விளக்கும் எரிய வேண்டும் என்று பேச்சு. சென்ற மாதம் ஒரு நடு இரவில் கேட்டருகே ஓர் ஆள் நின்றான். கடைசி வீட்டுத் தாத்தா, படுக்கையில் இருந்தபடியே காமிராவின் ஒலிபெருக்கி வழியாக, “யாருப்பா அது, யாரு வீட்டுக்கு?” என்றார். ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. வந்தவன் பதில் சொல்லாமல் நடந்துவிட்டான்.

எதிர்வீட்டுப் பையனின் மோட்டார் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. தொழிற்சாலை நண்பன் ஒருவனின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறான். இல்லாத மோட்டாருக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருக்கிறது.