சாதாவா, பவரா?

திருவந்திபுரத்தில் புது வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தேவநாத சுவாமி கோயில் வாசலில் மாலை, சந்தனம், டயருக்கு டயர் எலுமிச்சம்பழம்... அடுத்த ஸ்டாப் பெட்ரோல் பங்க். (ஷோரூமில் ஊற்றிக் கொடுக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும்தானே வரும்!)

கடலூர் ஓ.டி.யில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒருத்தர் அப்படித்தான் வந்து நின்றார். ஹைப்ரிட் எஸ்.யூ.வி. மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். போக வர 90 கிலோமீட்டர். சாதாரண பெட்ரோல் மாடலைவிடச் சில லட்சம் அதிகம் கொடுத்து, அதற்கும் லோன் போட்டு ஹைப்ரிட் வாங்கியதே பெட்ரோல் செலவு குறையும் என்றுதான்.

பங்க் பையன் கேட்டான். "பவரா சார், சாதாவா?"

அவர் வாய் திறக்கும் முன்னால், பின் சீட்டிலிருந்து மச்சான் சொல்லிவிட்டார். "பவரே போடுப்பா. மாமா, இவ்ளோ விலை குடுத்து வாங்கிட்டு சாதா போடுவாங்களா? அக்கா போற வண்டி. நடுவழியில நின்னா என்ன பண்றது?"

அந்தக் கடைசி வரிக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? பவரே போட்டார்கள்.

ஆனால் வியாபாரி மனசு சும்மா இருக்குமா... நாமும் கணக்குப் போடுவோம். மாசம் 1,300 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைத்தால் 65 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மாசம் 520, வருஷம் 6,240 ரூபாய். சாதா 101 ரூபாய் என்றால், போட்ட காசு திரும்பவே மைலேஜ் 20-லிருந்து 21.6-க்கு ஏறியாக வேண்டும். பி.காம். பாஷையில் பிரேக் ஈவன் பாயின்ட்!

ஏறுமா? அதற்கு ஆக்டேன் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை, பொறுமையின் அளவு. பிஸ்டன் அழுத்துகிற கலவையில், பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேர்வதற்குள் மிச்சக் கலவை தானாக வெடித்தால் எஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அப்படி அவசரப்படாமல் தாங்குகிற குணத்துக்குத்தான் 91, 95 என்று நம்பர். டர்போ எஞ்சின்கள் சிலவற்றுக்கு 95 உதவும். மச்சான் ஓட்டுகிற கார் அந்த ரகம், அவர் சொன்னதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை.

ஹைப்ரிட் கதை வேறு. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் இருப்பது அட்கின்சன் முறை எஞ்சின். ஜேம்ஸ் அட்கின்சன் என்ற இங்கிலாந்துக்காரர் 1882-இல் யோசித்தது. 1997-இல் டொயோட்டா தன் பிரியஸ் காரில் அதை வால்வு நேரத்தை மாற்றியே செய்துவிட்டது. பிஸ்டன் மேலே வரும்போதும் இன்டேக் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும். உள்ளே போனதில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். அதனால் அழுத்தம் குறைவு, விரிவு மட்டும் முழுசாக. இழுவை குறையும், அதை மோட்டார் ஈடுகட்டும். சாதா பெட்ரோலே தாங்கும்படி செய்த எஞ்சின். மீறி நாக்கிங் வந்தாலும் சென்சார் கண்டுபிடித்து பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். மேடு ஏற வேண்டிய கஷ்டமும் இந்தப் பக்கம் கிடையாது. திருவந்திபுரத்தில் இருக்கிற ஒரே மலை ஔஷதகிரி, அங்கே ஹயக்ரீவரைப் பார்க்க நாம்தான் படியேற வேண்டும் :-)

மச்சான் விடவில்லை. நெட்டில் தேடி, "அமெரிக்காவுல 91-தான் மாமா பிரீமியம், 87-தான் சாதா" என்றார். அங்கே எழுதுகிற நம்பர் வேறு. இரண்டு வகைச் சோதனைகளின் சராசரி அது. அவர்களுடைய 87 சுமாராக நம்ம ஊர்க் கணக்கில் 91. இது தெரியாமல் குழம்புகிறவர்கள் ஏராளம்.

அடுத்த ஆயுதம் எத்தனால். கம்பெனி சொன்னது 27.97 கிலோமீட்டர், கிடைப்பது 20, எல்லாம் சாதா பெட்ரோலில் கலக்கிற எத்தனாலால்தான் என்றார். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கிற சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது நிஜம். ஆனால் 95 ஆக்டேன் பவர் பெட்ரோலிலும் எத்தனால் உண்டு. அதோடு 27.97 என்பது டெஸ்டில் வந்த நம்பர். ஏ.சி. போட்டு, நாலு பேர் ஏறி, பைபாஸில் விரட்டினால் வராது.

அவர் மேனுவலை எடுத்துப் பார்த்தார். 91 ஆக்டேனோ அதற்கு மேலோ என்று இருந்தது. கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ரெண்டு டேங்க் பவர், ரெண்டு டேங்க் சாதா என்று எழுதி வந்தார். வித்தியாசம் காற்றடிக்கிற திசையில் போய்விடுகிற அளவுதான். அதிலிருந்து சாதா.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வண்டி ஓட்டுவது மச்சான். அன்றைக்கு அக்காவை இறக்கிவிட்டு, திரும்புகிற வழியில் தன் காசில் பவர் போட்டுவிடுகிறார். பில்லை மடித்துக் கண்ணாடிக்குக் கீழே சொருகி வைப்பதால் தெரிந்துவிடும்.

"ஏன்டா?" என்று ஒருமுறை கேட்டார்.

"இருக்கட்டும் மாமா."

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. நோட்டில் மட்டும் தனியாக ஒரு பத்தி விட்டிருக்கிறார். வெள்ளி, பவர், 15 லிட்டர், மச்சான்.