சனி ஞாயிறுப் பூ

உடன்குடிப் பக்கம், தேரியை ஒட்டி ஆச்சி வீடு. முற்றம் முழுக்கச் செம்மணல். ஆடிக் காற்றில் அது திண்ணை ஏறி அடுக்களை வரை வந்துவிடும். குடிதண்ணீருக்கே குடம் சுமக்கிற ஊரில் பூச்செடிக்கென்று யார் தண்ணீர் எடுத்து வைப்பார்கள்? அந்த மணலில்தான் வாசற்படியிலிருந்து தொழுவம் வரைக்கும் ஆச்சி பத்துமணிப் பூவைப் படரவிட்டிருந்தாள். டவுனில் டேபிள் ரோஸ் என்பார்கள். சாண் உயரம்கூட எழும்பாது. பக்கவாட்டில்தான் அதன் ஓட்டமெல்லாம். அது படர்ந்த இடத்தில் மணல் பறக்கவில்லை.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பூவைப் பார்க்கக் கொடுத்துவைக்காது. நாங்கள் பையைத் தூக்கும்போது எல்லாம் மொட்டு. வெயில் ஏறினால்தான் விரியும், மதியம் சாய்ந்ததும் சுருங்கிவிடும். சாயங்காலம் திரும்பி வந்தால் வாடிய சுருணைதான் மிச்சம். ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுசு. அதனால் எனக்கு அது சனி ஞாயிறுப் பூ. அந்த இரண்டு நாளும் மேகம் போடக்கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். மேகம் போட்டால் பத்து மணியானாலும் திறக்காது.

வெயில் சுள்ளென்று விழுந்ததும் மொட்டின் நுனி நெகிழும். பார்த்துக்கொண்டே இருந்தால் விரிவது தெரியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் விரிந்திருக்கும். ஒற்றை அடுக்குப் பூவுக்கு ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் காம்புகள். ஈர்க்குச்சியால் அவற்றின் ஒரு பக்கத்தைத் தொட்டால், தொட்ட பக்கமாகவே மெல்லச் சாய்ந்து வரும். கொசுத்தேனீ இறங்கும்போதும் அப்படித்தான், காம்புகள் அதன்மேல் வந்து உரசும். முட்டி போட்டு, முகத்தை மணலுக்கு அருகே வைத்து, முதுகு காய்கிற வரை அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு செடி அசைவதைப் பார்ப்பதைவிடப் பெரிய வேடிக்கை அந்த வயதில் எனக்கு இருக்கவில்லை.

தெருப் பெண்கள் வந்து, "ஆச்சி, ஒரு கொப்பு கிள்ளிக்கிடட்டுமா?" என்பார்கள்.

"இதுக்குப் போயி கேக்கணுமா? கிள்ளிட்டுப் போம்மா. கிள்ளக் கிள்ளத்தான் அது படரும்."

நாலு விரல் நீளக் கொப்பு, அடி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் விரலால் குழி போட்டுச் செருகினால் போதும். உருண்டைத் தண்டிலும் ஊசி இலையிலும் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும் செடி, வேர்விடும்வரை தாக்குப்பிடித்துவிடும். வேப்பமர நிழலில் நட்டவர்களுக்கு மட்டும் கொடி நீண்டதே தவிரப் பூ இல்லை. ஒரே செடியிலிருந்து போன கொப்புகள் என்பதால் எங்கள் தெரு முழுக்க ஒரே நிறம், அடர்ந்த ரோஜா நிறம். அர்ஜென்டினா, பிரேசில் பக்கத்துச் செடி இது என்று பின்னால் படித்தேன். 1829இல் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இதற்கு போர்டுலாகா கிராண்டிஃப்ளோரா என்று பெயர் வைத்திருக்கிறார். ஆச்சியோ காயைப் பார்த்தே, "இது பருப்புக்கீரைச் சாதி" என்று சொல்லியிருந்தாள். இரண்டும் ஒரே பேரினம்தான்.

ஐப்பசி அடைமழைதான் அதற்கு எமன். இரண்டு நாள் நீர் நின்றால் தண்டு அழுகிப்போகும். அதற்கு முன்பே ஆச்சி விதை எடுத்துவிடுவாள். முற்றிய காயைத் தொட்டால் குங்குமச்சிமிழ் மாதிரி மேல்மூடி தனியாகக் கழன்றுவரும். உள்ளே சாம்பல் நிறத்தில் மினுங்கும் பொடி விதைகள். காகிதத்தில் மடித்து அஞ்சறைப் பெட்டியில் வைப்பாள். தை பிறந்ததும் மணலோடு கலந்து தூவுவோம்.

"ஏட்டி, மண்ணள்ளி மூடாத. வெளிச்சம் பட்டாத்தான் மொளைக்கும்."

விதையில் வந்த செடி தாயின் நிறத்தில்தான் பூக்க வேண்டும் என்றில்லை. ஒரு வருஷம் தொழுவத்தோரம் ஒரு செடியில் மஞ்சள் பூத்தது. தெருவில் யாரிடமும் இல்லாத நிறம். மறுநாள் காலையிலேயே கொப்பு கேட்டு முற்றத்தில் கூட்டம். முதல் கொப்பை ஆச்சி என்னைக் கிள்ளச் சொன்னாள்.