வழித்துணை

துணைக்கு ஆள் கேட்டதற்குக் கடவுளே குதிரையேறி வந்த ஊர் விரிஞ்சிபுரம். மிளகு மூட்டையோடு காஞ்சிபுரம் கிளம்பிய வியாபாரி ஒருவர், திருட்டு பயத்தில் 'கூட வா சாமி' என்று வேண்ட, குதிரை வீரன் வேஷத்தில் வழி நெடுக சிவபெருமான் காவலுக்கு வந்தாராம். அதனால் மார்க்கபந்தீஸ்வரர். தமிழில் இன்னும் அழகு... வழித்துணைநாதர்! வேலூர் - ஆம்பூர் சாலையில், ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறார். பெங்களூருக்குப் பறக்கிற கார்களுக்கு அவரைக் கண்டுகொள்ள ஏது நேரம்?

சித்திரை வெயிலில் நாலு பேர் போனோம். நான், புகைப்படக்காரத் தம்பி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் என் காலேஜ் நண்பன், அவனுடைய அம்மா.

திருவாரூருக்குத் தேர் என்றால், விரிஞ்சைக்கு மதில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஆனால், என்னைக் கட்டிப்போட்டது தென்புறம் இருக்கும் அந்தக் கல். பிறை வடிவம், எண்கள் செதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் இடம்தான் மணி. தம்பி ஈர்க்குச்சி ஒன்றை வைத்தான். நிழல் பதினொன்றைத் தொட்டபோது, என் செல்போனில் பதினொன்றே கால்.

"கல்லு ஸ்லோண்ணே!"

கல் சரிதான். நம் கடிகாரங்கள் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு ஓடுகின்றன. அதற்கு மூன்றரை டிகிரி மேற்கே இருக்கிறது இந்த ஊர். டிகிரிக்கு நாலு நிமிஷம். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் ஆகும். கல்லுக்கு விரிஞ்சிபுரத்துச் சூரியன் மட்டும்தான் கணக்கு.

கோயிலை விட்டு வந்தால் பாலாறு. மணலும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் இதே ஆறு கரைகொள்ளாமல் ஓடியது என்றால், அன்றைக்கு நம்புவது கஷ்டமாக இருந்தது.

நண்பன் போனை நீட்டினான். வேலை விஷயமாக ஜப்பான் போனபோது, ஹிரோஷிமா பக்கத்தில் மியாஜிமா தீவுக்குப் போயிருக்கிறான். படகில் பத்து நிமிஷம்தானாம். கடலுக்குள் செக்கச்செவேலென்று ஒரு மரத் தோரணவாயில் நிற்கிறது. 1875-ல் கட்டியது. அலை ஏறினால் வாயில் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும்; இறங்கினால் அதன் காலடிக்கே நடந்து போகலாம்.

"போன தண்ணி சாயங்காலமே திரும்பி வந்துடுதுடா. நம்ம தண்ணி போனா போனதுதான்!" என்றான்.

அந்தத் தீவின் கோயிலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது 1996. அதே வருஷம்தான் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், 'மாசுபடுத்தியவனே செலவைக் கொடு' என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பாழ் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நான் பி.காம்.காரன். ஏற்றுமதி டாலர் வரவுப் பக்கம் ஒழுங்காக ஏறுகிறது. கிணறுகளை யாரும் எந்தப் பக்கமும் எழுதவில்லை.

நண்பனை நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவன் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வரவில்தான். பேச்சை மாற்றலாம் என்று பார்த்தால், அம்மா விடவில்லை.

"எங்க கெணத்துத் தண்ணில பருப்பு வேவாது தம்பி. உப்பு. இவன் சம்பளத்துலதான் கேன் தண்ணி வாங்கி ஒல வெக்கிறேன். யாரப் போயி திட்றது?"

நண்பன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அம்மா போனை வாங்கி, அந்தச் சிவப்பு வாயிலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, அந்த ஊர்ல தோலு பதம் பண்ண மாட்டாங்களா?"

"பண்ணுவாங்கம்மா. ஹிமேஜின்னு ஒரு ஊரு. தோலுக்கு அங்க ரொம்பப் பேரு."

"அங்க ஆறு இருக்குதா?"

"இருக்கும்மா."

"தண்ணி எப்டி கீது?"

"ரயில்ல தாண்டிப் போனேம்மா... எறங்கிப் பாக்கல."