ஒப்புரவு

ஒரு சொல் பிறந்த வீட்டில் ஒரு பொருளும், புகுந்த வீட்டில் வேறொரு பொருளும் பெற்று வாழ்வதுண்டு. நீண்ட காலமாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு இவ்வுண்மையை உணர்த்தியவள் என் மாணவி ஒருத்தி.

உயர்தர வகுப்பிலே திருக்குறளின் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதலை விளக்கிக்கொண்டிருந்தேன். ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்தாற்போலவும், ஊர் நடுவே நின்ற மரம் பழுத்தாற்போலவும் நல்லவனுடைய செல்வம் எல்லோர்க்கும் பயன்படும் என்றேன். பெய்யும் மழைக்கு இவ்வுலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்த அப்பிள்ளை தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சேர், எங்கட வேதாகமத்திலயும் ஒப்புரவு எண்ட சொல் இருக்குது. ஆனால் அங்க அது உதவி செய்யிறதில்லை. பகைச்ச ஆக்கள் திரும்பச் சேருறது."

வகுப்பிலே சிறு சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. அவளுடைய கடைசி வார்த்தைகள் என் நெஞ்சில் எங்கோ சென்று தைத்தன. அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு ஒரு தமையனார் இருக்கிறார். பெற்றோர் உறுதி எழுதிப் பகிர்ந்து தந்த காணியில் அடுத்தடுத்த வளவுகளிலே வாழ்கிறோம். நடுவே ஒரு வேலி. ஒரு மாரிகாலத்தில் அவர் வேலியைப் புதுப்பித்தபோது கதியால்கள் என் பக்கம் இரண்டடி தள்ளி நாட்டப்பட்டன. சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. வழக்குத் தொடுத்தேன். நில அளவையாளர் வந்து அளந்தார், சட்டத்தரணிகள் வாதாடினர். நான்கு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு எனக்குச் சாதகமாயிற்று. கதியால்கள் பிடுங்கப்பட்டுப் பழைய எல்லையிலே நடப்பட்டன. அன்று தொடங்கி ஏழு ஆண்டுகளாக நாங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் திவசத்தைக்கூட அவர் தம் வீட்டிலும் நான் என் வீட்டிலுமாகத் தனித்தனியே செய்து வந்தோம். நீதி என் பக்கம் இருக்கிறது என்ற எண்ணமே அந்த ஏழு ஆண்டுகளும் எனக்குத் துணையாக இருந்தது.

எங்கள் கல்லூரியிலே கிறித்தவ சமயம் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அன்று மாலையே அவரிடம் சென்று வேதாகமம் ஒன்று இரவல் கேட்டேன். திருநீறு பூசிய நெற்றியோடு நான் அதைக் கேட்டதில் அவர் வியப்படையவில்லை. "ஆறுமுகநாவலர் சைவத்தை விடாமலே பேர்சிவல் பாதிரியாருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அல்லவா? நீங்கள் வாசிப்பதில் என்ன புதுமை?" என்று சொல்லிப் புன்னகை செய்தார். அதன்பின் பல மாலைகள் அவரோடு சம்பாஷிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

பவுலடியார் தம் நிருபங்களிலே இரட்சிப்பை விளக்க இரண்டு சொற்களைச் சிறப்பாகக் கையாள்கிறார். ஒன்று, தமிழில் நீதிமானாக்குதல் என வழங்குவது, மற்றொன்று ஒப்புரவாக்குதல். முதலாவது நீதிமன்றத்துச் சொல். குற்றவாளி நிற்கிறான், அவனுக்கு எடுத்துச்சொல்ல யாதொரு நியாயமும் இல்லை, ஆயினும் அவன் நீதிமானென்று தீர்ப்புக் கிடைக்கிறது. குற்றமே நிகழவில்லை என்பது அதன் பொருளன்று. குற்றம் உண்டு, அதன் சுமையைச் சிலுவையிலே கிறிஸ்து ஏற்றுக்கொண்டார், அதனை நம்பிப் பற்றிக்கொள்பவன் விடுதலை பெறுகிறான் என்பதே கிறித்தவரின் விசுவாசம். உலக வழக்கிலே ஒருவன் முதலில் திருந்துகிறான், பின்பு ஏற்றுக்கொள்ளப்படுகிறான். இங்கோ ஏற்றுக்கொள்ளப்படுதல் முதலில். திருந்திய வாழ்வு அதன் கனி.

இரண்டாவது சொல் வீட்டுக்குரியது. பவுலடியார் கையாண்ட கிரேக்கச் சொல் ஆதியில் நாணயம் மாற்றுதலைக் குறித்தது என்றார் நண்பர். பகை கொடுத்து உறவு பெறும் மாற்று என்று நான் எண்ணிக்கொண்டேன். பிரிந்துசென்ற மனைவி கணவனோடு மீண்டும் சேர்வதைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போதும் பவுலடியார் அதே சொல்லையே வழங்குகிறார். ஆகவே, தீர்ப்போடு காரியம் முடிந்துவிடுவதில்லை. விடுதலை பெற்றவன் நீதிமன்ற வாசலிலே தனியே நிற்பதற்காக விடப்படவில்லை. அவன் வீட்டுக்குள் அழைத்துச் செல்லப்படுகிறான்.

"தீர்ப்புக் கிடைத்தும் வீடு சேராதவனும் உண்டல்லவா?" என்று கேட்டேன். நண்பர் என் வழக்கை அறிந்தவர். மறுமொழி சொல்லாமல் லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். பரிசேயன் ஒருவனும் ஆயக்காரன் ஒருவனும் ஆலயத்துக்கு வருகிறார்கள். பரிசேயன் தன் நோன்பையும் தானத்தையும் கணக்குக் காட்டி, பிறரைப்போலத் தான் தீயவன் அல்லன் என்று நன்றி சொல்கிறான். வரி தண்டுபவனோ தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். நீதிமானாய் வீடு திரும்பியவன் இரண்டாமவனே என்று இயேசு பெருமான் முடிக்கிறார். பரிசேயன் பொய் சொன்னதாக அக்கதையில் எங்குமே இல்லை என்பது எனக்கு நெடுநேரம் உறுத்தியது. அவன் சொன்ன கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். என்னுடைய இரண்டடிக் கணக்கும் சரியானதே.

இந்த நீதிமானாக்குதல் பற்றியே கிறித்தவ உலகம் பிளவுபட்டது ஒரு விந்தை. 1517இல் மார்ட்டின் லூதர் தொடக்கிவைத்த சீர்திருத்தத்தின் நடுவே நின்றது இக்கோட்பாடுதான். விசுவாசம் ஒன்றினாலேயே மனிதன் நீதிமானென்று எண்ணப்படுகிறான் என்றனர் சீர்திருத்தத்தார். அருள் மனிதனை உள்ளத்திலே நீதிமானாக மாற்றவும் செய்கிறது, அவனும் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான் என்று 1547இல் திரெந்துச் சங்கம் பதிலளித்தது. இருதரப்பாரும் ஒருவர் கொள்கையை மற்றவர் கண்டனம் செய்தனர். 1999 ஒக்டோபர் 31ஆந் திகதி, ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரிலே, உலக லூதரன் சம்மேளனமும் கத்தோலிக்க திருச்சபையும் இதுபற்றிய கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. அடிப்படையில் உடன்பாடு உண்டு, எஞ்சிய வேறுபாடுகள் இனி ஒருவரையொருவர் கண்டிக்கக் காரணமாகா என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் சீர்திருத்தச் சபையாரும் அதில் இணைந்தனர். நீதியைப் பற்றி வழக்காடியவர்கள் ஒப்புரவாவதற்கு 482 ஆண்டுகள் சென்றன! நான் ஏழு ஆண்டுகளையே பெரிதாக எண்ணியிருந்தேன்.

ஆயினும் என்னை உலுப்பியது இன்னொன்று. கோபங்கொண்ட கடவுளை மனிதன் பணிந்து சமாதானப்படுத்துவதே ஒப்புரவு என்று நான் கருதியிருந்தேன். பவுலடியாரின் வாக்கியங்களிலோ அது தலைகீழாக இருக்கிறது. மனிதர் இன்னும் பகைவராய் இருந்தபோதே கடவுள் அவர்களைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார் அவர். அதாவது, பிழை செய்தவன் வரும்வரை பிழைக்கு ஆளானவர் காத்திருக்கவில்லை. அவரே முதலடி எடுத்துவைத்தார். கெட்ட குமாரன் தூரத்தில் வரும்போதே ஓடிச்சென்று கட்டிக்கொண்ட தந்தையின் கதையும் இதனையே சொல்கிறது. கைம்மாறு கருதாத மழையை வள்ளுவர் ஏன் அந்த அதிகாரத்தில் வைத்தார் என்பதும், அச்சொல்லை வேதாகமத் தமிழ் ஏன் ஏற்றுக்கொண்டது என்பதும் எனக்கு அப்பொழுது ஒருவாறு விளங்கின.

நான் சைவன், சைவனாகவே இருக்கிறேன். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களால் கட்டுண்ட உயிர், மலம் பரிபாகம் அடையும்போது திருவருள் பதியப்பெற்று வீடடையும் என்பது எங்கள் சித்தாந்தம். பிறவிகள் பலவற்றைக் கடந்துசெல்லும் அந்த வழியும், ஒரு சிலுவையைச் சுட்டும் இந்த வழியும் ஒன்றேயென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது இரு சமயங்களுக்கும் செய்யும் மரியாதையன்று. எனினும் வீடுபேறு நம் செயலுக்குக் கிடைக்கும் கூலியன்று, அருளின் கொடை என்ற இடத்தில் இரண்டும் அயல்வீட்டாரைப்போல நிற்கின்றன. மேலும், நீதி என் பக்கம் என்று ஏழு ஆண்டுகள் நான் காத்துவந்த செருக்குக்கு எங்கள் சமயத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் ஆணவம். அதனை எனக்குக் காட்டித்தர அயல்வீட்டு விளக்கு வேண்டியிருந்தது.

இவ்வாண்டு அம்மாவின் திவசத்துக்கு முதல்நாள் மாலை, தமையனாரின் படலையைத் திறந்துகொண்டு போனேன். முற்றத்திலிருந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நாளைக்கு அம்மான்ர திவசத்தை ஒரு இடத்தில செய்வம். உங்கட வீட்டிலேயே செய்வம்" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. மச்சாள்தான் திண்ணைக்கு வந்து, "தம்பி, ஏன் அங்க நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ" என்றார். நான் அசையாது நின்றேன். கையிலிருந்த தேங்காயை முழுவதும் உரித்துக் கடகத்தில் இட்டபின் தமையனார் கேட்டார்:

"ஐயரை எத்தினை மணிக்கு வரச் சொன்னனீ?"

வேலி இன்றும் நீதிமன்றம் குறித்த எல்லையிலேதான் நிற்கிறது. அதைப்பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தையேனும் பேசவில்லை. பேசவேண்டிய நாளும் ஒன்று வரும். ஆனால் அன்று இரு குடும்பத்தாரும் ஒரே பந்தியில் இருந்தோம். அடுத்த வாரம் வகுப்பிலே ஒப்புரவு என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருளையும் கரும்பலகையில் எழுதினேன்.