குளிருக்கு ஒரு சிகரெட்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் சிகரெட்டுக்கு எப்போதும் ஒரே நியாயம்தான்: "குளிருதுல்ல, ஒன்னு பத்த வச்சா சூடு ஏறும்." உடம்புக்குள் நடப்பது நேர் எதிர். நிகோட்டின் விரல்களுக்குப் போகும் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கை இன்னும் சில்லிடுகிறது. பல வருடம் புகைத்தவர்களுக்குக் காலின் இரத்தக் குழாய் அடைத்து, காலையே எடுக்கும் நிலைகூட வரலாம்.

நம் உயரத்தையும் யோசியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். கொழும்பில் கிடைப்பதைவிட இங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் குறைவு. சிகரெட் புகையில் உள்ள காபனோரொட்சைட்டோ, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. கிடைக்கிற கொஞ்சத்தையும் தட்டிப் பறிக்கிறது. மலை ஏறும்போது மூச்சு வாங்கினால் "வயசாயிருச்சு" என்கிறார்கள். நாற்பதிலேயா?

என்னால் தாங்கவே முடியாதது லயத்துக் காம்பராதான். ஏற்கெனவே விறகடுப்புப் புகை. குளிருக்குக் கதவையும் சாத்தி, உள்ளே ஒருவர் பற்றவைத்தால் மொத்தக் குடும்பமும் புகைக்கிறது. கைக்குழந்தைக்கு நிமோனியா, இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது.

2015 முதல் இலங்கையில் சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர் பெட்டியையே பார்ப்பதில்லை.

அண்ணன்மாரே, நிறுத்திய 12 மணி நேரத்தில் இரத்தத்தில் காபனோரொட்சைட்டு சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். இன்று ராத்திரியே நிறுத்திப் பாருங்கள்.