கதவடிக் காற்று

கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்று ஒரு பெரிய நிஃமத். அக்கரைப்பற்றிலே வீடு கட்டத் தொடங்கினால் மேசன் பாஸிடம் முதலில் சொல்வது, "காத்து நல்லா வரணும்" என்பதுதான். ஜன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே திறந்த இடைவெளி, கதவின் கீழே பூனைக்குட்டி நுழைந்து போகும் அளவுக்கு இடம். இவற்றையெல்லாம் யாரும் குறையாகச் சொல்வதில்லை. வெக்கைக்கு அதுதான் மருந்து.

ஆனால் இதே வழக்கம் மலைநாட்டு வீடுகளிலும் இருக்கிறது என்பதுதான் விசித்திரம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் நெருப்பு மூட்டும் புகைக்கூண்டு இருக்கும். கதவுகளும் தடித்த மரத்தில் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். நம்மைப் போன்ற சம்பளக்காரர் வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் புகைக்கூண்டும் கிடையாது, இறுக்கமான கதவும் கிடையாது. மௌலவி ஆசிரியராக அந்த மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போன எனக்குக் கிடைத்த வீடும் அப்படிப்பட்டதுதான். முன்கதவு இரட்டைக் கதவு. மேற்கே பார்த்திருந்தது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் அது முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான்.

சுபஹுக்கு எழும்பி வுழூச் செய்துவிட்டு வந்து நின்றால், தக்பீர் கட்டிய கையை விடக் காலடிதான் அதிகம் குளிரும். ஏன் எப்போதும் கால்? இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வெப்பக்காற்று இலேசானது, மேலே ஏறி ஓட்டுக்கு அடியிலும் துவாரங்கள் வழியாகவும் வெளியே போய்விடுகிறது. போன காற்றின் இடத்தை நிரப்ப, கனமான குளிர்காற்று கதவின் அடியால் உள்ளே இழுபடுகிறது. 3 அடி அகலமான கதவின் கீழே அரை அங்குல இடைவெளி இருந்தால் அது 18 சதுர அங்குலம். நடுச்சுவரில் உள்ளங்கையளவு ஓட்டை ஒன்று விழுந்திருந்தால் அன்றைக்கே சீமெந்து குழைத்து அடைத்திருப்போம். கதவடியில் இருப்பதால் அது நமக்கு ஓட்டையாகவே படுவதில்லை.

2022 ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கதவைச் சரி செய்வதென்று முடிவெடுத்தோம். அவசரம் இருந்தது. எங்கள் நாலாவது பிள்ளை ஜூனில் பிறக்க இருந்தது. நாடு இருந்த நிலைமை சகோதரிகளுக்கு நினைவிருக்கும். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மின்வெட்டு. மின்சார ஹீற்றர் என்று ஒன்றை வாங்கி வைத்தாலும் அது அலங்காரப் பொருள்தான்.

எங்கெங்கே காற்று வருகிறதென்று கண்டுபிடித்தவர் என் மனைவி. காற்றடிக்கும் ஒரு பின்னேரம் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, சாம்பிராணிக்குச்சி ஒன்றைக் கொளுத்தி, கதவின் ஓரத்தோடு மெதுவாகக் கொண்டு போனார். புகை நேராக ஏறும் இடத்தில் குறையில்லை. உள்பக்கம் சாய்ந்து ஓடும் இடத்தில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு.

"இஞ்ச பாருங்களேன், கீழ மட்டுமில்ல, நடுவாலயும் வருது" என்றார். உண்மைதான். இரண்டு கதவும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை கோடு விழுந்திருந்தது.

பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். பஸ் இல்லாத நாட்கள். ஆயுதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார் மனிதர். நான் ஹாட்வெயார் கடையில் ஸ்பொஞ் பட்டி வாங்கி ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. கதவைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். பிணைச்சல் தளர்ந்து, கதவு ஒரு பக்கம் தொங்கியிருந்தது. கதவு நேராக நிற்காமல் எந்தப் பட்டியை ஒட்டினாலும் ஒரு மூலையில் நசுங்கும், மறுமூலையில் தொடாது என்றார். திருகாணிகளைக் கழற்றி, பெருத்துப்போன துளைகளில் பசை தடவிய மரச்சிம்புகளை இறுக்கி, காய்ந்த பிறகு திரும்பவும் திருகினார். கதவு கால் அங்குலம் எழும்பியது. நடுவில் தெரிந்த வெளிச்சத்தில் பாதி அதோடு போய்விட்டது. மீதிக்கு ஒரு கதவின் வெளி ஓரத்தில் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றை அடித்தார். கதவு சாத்தும்போது அது மற்றக் கதவின் மேல் படிந்து இடுக்கை மூடிக்கொள்ளும்.

நிலையோடு உரசும் இடத்தைச் சீவிவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், பெப்ரவரி வெயிலில் சுருங்கும். இப்போது சீவினால் அப்போது இடுக்கு இரட்டிப்பாகும் என்பது அவருடைய கணக்கு. உரசும் இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுப் போனார். கூலி அதிகம் கேட்கவுமில்லை. இப்படிப்பட்ட பாஸ்மார் குறைந்து வருகிறார்கள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் புதுக்கதவு போடச் சொல்வதே வழக்கமாகிவிட்டது.

ஸ்பொஞ் பட்டியை ஒட்டும் வேலையை நாங்களே பார்த்தோம். இதில் கவனிக்க வேண்டியது சொற்பம்தான். கதவு சாத்தும்போது எந்தச் சட்டத்தில் வந்து படிகிறதோ அந்தச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அதற்கு முன் தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈர மரத்தில் ஒட்டினால் ஒரு கிழமையில் கழன்று தொங்கும். ஒட்டிய பிறகு ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது பிடிப்பு இருந்தால் சரி, வழுக்கிக் கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றும் வரும். ஸ்பொஞ் மலிவு, ஆனால் ஓரிரு வருடத்தில் நசுங்கிச் சப்பையாகிவிடும். றப்பர் பட்டி கொஞ்சம் கூட விலை, கூடக் காலம் நிற்கும். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கதவின் அடியில் ஆணியடித்த வீடுகளையும் அங்கே கண்டிருக்கிறேன். பார்க்க அழகில்லை. வேலை செய்கிறது.

கதவின் அடிக்கு என் மனைவி செய்தது வேறு. என்னுடைய பழைய சாரன் ஒன்றைக் கிழித்து, கதவின் அகலத்துக்கு ஒரு நீளப் பையாகத் தைத்து, உள்ளே மணலை நிரப்பி வாயைத் தைத்துவிட்டார். எல்லோரும் உள்ளே வந்த பிறகு அதைக் கதவடியில் காலால் தள்ளி வைத்தால் போதும். பிள்ளைகள் அதற்குப் "பாம்பு" என்று பெயர் வைத்தார்கள். ஓட்டுக்கடியில் இருந்த காற்றுத் துவாரங்களை நாங்கள் தொடவில்லை. கீழே அடைபட்டதும் கால் குளிர்வது நின்றுவிட்டது, மேலே மூச்சுக்கு வழியும் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஜூனில் பிள்ளை கிடைத்தது. பெண் குழந்தை. நாற்பது பார்ப்பதற்காக மாமி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்து, மாறி மாறி ஏறி, ஒரு முழுப் பகல் பயணம். வந்தவருடைய பொதியில் ஒரு சாக்கு நிறையச் சிரட்டைக்கரி இருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வைக்க, குழந்தைக்குச் சாம்பிராணி பிடிக்க, சீலைகளைக் காயவைக்க. ஊரில் அவர் கைபார்த்த பிரசவ வீடுகள் எத்தனையோ. ஒரு வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல. முதல் வேலையாக அறை ஜன்னலின் மேலிருந்த துவாரங்களுக்குத் துணி அடைத்தார். பிறகு என் மனைவி தைத்த பாம்பைப் பார்த்து மெச்சி, அறைக் கதவுக்கும் ஒன்று தைத்தார். அந்த அறைக்கு சீலிங் அடித்திருந்தது. இரவைக்குக் கட்டிலடியில் தணல்ச் சட்டி வைப்பதாக ஏற்பாடு.

அன்று பின்னேரம் மிட்வைஃப் மிஸ் குழந்தையைப் பார்க்க வந்தார். தோட்டத்துப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அந்த நாட்களில் எரிபொருள் இல்லாமல் அவர் ஏறி இறங்கிய மேடுகளை நினைத்தால் இன்றைக்கும் அவருக்காக துஆ கேட்கத் தோன்றுகிறது. குழந்தையை நிறுத்துப் பார்த்து, தொப்புளைப் பார்த்து, எழும்பும்போது மூலையில் ஆயத்தமாக இருந்த சட்டியைக் கண்டார்.

"அம்மா, இது எதுக்கு?"

"ராவைக்குத் தணல் வெக்க. புள்ளப் பெத்த உடம்புக்குக் காத்துப் படப்படாதே மிஸ்."

"இந்த ரூம்லயா? கதவு, ஜன்னல் எல்லாம் இப்பிடி அடைச்சிட்டா?" அவர் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். "வேணாம்மா. காலையில யாரும் எழும்ப மாட்டீங்க."

மாமிக்கு அது பிடிக்கவில்லை. "எங்கட உம்மா அஞ்சு புள்ளையையும் தணல் வெச்சுத்தான் வளத்தா" என்றார். மிஸ் வாதாடவில்லை. உங்கள் உம்மாவின் வீட்டுக்கு சீலிங் இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

இல்லை. அதுதான் விஷயம். அந்த வீட்டுக்குக் கிடுகுக் கூரை, பிறகு ஓட்டுக் கூரை. சுவருக்கு மேலே திறந்த வெளி. தணலிலிருந்து எது கிளம்பினாலும் இருந்த நூறு இடுக்குகளால் வெளியே போய்விட்டது. மூத்தம்மா வைத்த அதே சட்டி, அதே சிரட்டைக்கரி. அவரைக் காப்பாற்றிய இடுக்குகளை இங்கே நாங்கள் பாடுபட்டு அடைத்திருந்தோம்.

எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனை ஏந்திச் செல்லும் பொருளோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒட்சிசனுக்கு அங்கே இடமில்லை. நன்றாகப் பற்றிச் சிவந்த தணலில் புகை இருக்காது என்பதால், புகையில்லையே, கெடுதியும் இல்லை என்று நம்பிவிடுகிறோம். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, ஓங்காளம், அசதி. விழித்திருப்பவர் எழும்பி வெளியே போவார். தூங்குகிறவருக்குத் தெரியாது. இருபது நாள் குழந்தை எதைச் சொல்லும்?

மிஸ் போன பிறகும் மாமி பேசாமல் இருந்தார். மருமகன் சொல்வதை மாமிமார் உடனே ஏற்றுக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமில்லை என்பது தெரிந்ததே. இஷாவுக்குப் பிறகு நான் ஒரு ஹதீஸை மட்டும் நினைவுபடுத்தினேன். மதீனாவில் ஒரு வீடு இரவிலே வீட்டாரோடு சேர்ந்து எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்குச் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் கட்டளையிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி இது. இரவில் பிஸ்மி சொல்லிக் கதவுகளைச் சாத்துமாறும் அவர்கள் ஏவியிருக்கிறார்கள். கதவைச் சாத்துவதை நாம் ஒருநாளும் விடுவதில்லை. நெருப்பை அணைப்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கட உம்மாவும் படுக்க முந்தி அடுப்புக்குத் தண்ணி தெளிச்சிட்டுத்தான் படுப்பா" என்றார். "அப்ப புள்ளைக்குக் குளிராதா மருமகன்?"

நியாயமான கேள்வி. குளிரைச் சகித்துக்கொள் என்று பிரசவித்த பெண்ணிடம் சொல்ல முடியாது. அடுப்பு எரியும்போதே தண்ணீரைச் சூடாக்கி, றப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி மகளின் காலடியில் வைத்தார். கொதிதண்ணீரும் கூடாது, குழந்தையோடு ஒட்டி வைக்கவும் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். குழந்தை உம்மாவின் உடம்போடு அணைந்து பால் குடித்தது. அதற்கு மேலான சூடு எது? சாம்பிராணி பிடிப்பது நின்றுவிட்டது. சீலைகள் குசினியில் கயிற்றில் காய்ந்தன. கரியில் தேநீர் வைக்க வேண்டுமென்றால் சட்டி வெளி விறாந்தையில் இருந்தது. துவாரங்களில் அடைத்த துணியை மாமி மறுநாள் தானே உருவி எடுத்தார். அறைக் கதவின் பாம்பை மட்டும் விடவில்லை. மேலே திறந்திருந்ததால் அதில் கெடுதியில்லை.

குசினியின் பின்கதவுக்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. விறகடுப்பின் புகை வெளியேறுவதற்கு மேலே வழி வேண்டும். உள்ளே புதுக்காற்று வருவதற்குக் கீழே வழி வேண்டும். காஸ் அடுப்பு உள்ள குசினிக்கும் இது பொருந்தும். சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் படியும். 2021 இன் கடைசி மாதங்களில் நாட்டின் பல இடங்களில் சமையல் காஸ் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குசினிக் கதவடியால் கொஞ்சம் குளிர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், ஒரு காலுறையைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. இடுக்குகளை அடைத்த வீட்டில் ஈரம் தங்கும். மூச்சும் சமையலும் காயும் துணியும் சேர்ந்து சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்ட நேரம் பார்த்து, நாளைக்கு அரை மணித்தியாலமாவது ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டோம். சுவரும் சாமான்களும் பிடித்து வைத்திருக்கும் சூடு அதற்குள் போய்விடாது.

நாற்பது முடிந்து மாமி ஊருக்குப் போகும்போது கரிச்சாக்கில் பாதி அப்படியே இருந்தது. அதை எங்களுக்கு விட்டுவிட்டு, பாம்புக்கு அளவெடுத்த நூலைக் கொண்டு போனார். அந்த வருடம் ஊரில் வடகீழ் மழை தொடங்கியபோது தொலைபேசியில் பேசினார். முன்கதவடியால் சாரல் தண்ணீரும் மட்டத்தேளும் வருகிறதென்று தானும் ஒன்று தைத்தாராம். மணல் ஈரத்தை இழுத்துப் பை நாறத் தொடங்கிவிட்டதாம். என் மனைவி உம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்: மணலை முதலில் வறுத்து, ஆறவிட்டு, பொலித்தீனில் கட்டி, அதற்கு மேலே துணியுறை போட வேண்டும், உறையைக் கழற்றித் துவைக்க ஒரு பக்கம் நாடா வைத்துக்கொள்ள வேண்டும்.